பைசா செலவில்லாமல் பீரோவை நகர்த்துதல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. 'கையில் இருப்பதை வைத்தே வீட்டை அழகாக்கப் பத்து யோசனைகள்' என்று ஒரு பெண்கள் பத்திரிகைக்கு எழுத வேண்டிய கட்டுரை. ஆசிரியர் அனந்தராமன் தொலைபேசியில் கேட்டார்.

"இப்ப எல்லாரும் கையைக் கடிக்காம வீட்டை மாத்தணும்னு பாக்கறா மேடம். லைட்டா, ஜாலியா எழுதுங்கோ. சோகம் வேண்டாம்."

என்னிடம் கேட்டதுதான் வேடிக்கை. அடையாறில் நான் குடியிருக்கும் வீட்டில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட உரிமையாளருக்கு வாட்ஸப் அனுப்பி, நீல டிக் விழும்வரை காத்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் புத்தகங்கள் இருக்கின்றன. புத்தக அலமாரியில் வெங்காயம் இருக்கிறது. யாரும் வந்து பார்க்காதவரை இதையும் அலங்காரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எனவே எழுத்தாளர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். அடுத்தவர் வீட்டுக்குப் போனேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மயிலாப்பூரின் பழைய வீடுகளுக்கென்று ஒரு மணம் உண்டு. அந்த மணத்தில் காலம்…"

(வேண்டாம். அன்று அங்கே அடித்தது ஃபினாயில்.)

"ஜுவேரியா பீரோவைப் பார்த்தாள். பீரோவும் ஜுவேரியாவை…"

(பீரோ பார்க்காது.)

சரி, நேராகவே வருகிறேன். ஜுவேரியா என் கல்லூரித் தோழி. அசோக் நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கணவர் சைஃபுக்கு தி. நகரில் ஒரு கர்ட்டன் கடையில் விற்பனையாளர் வேலை. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீள வீடு அவர்களுடையது. முன்பாதி மட்டும். ஜுவேரியாவின் அத்தா குலாம் முகம்மது, வீட்டைக் குறுக்கே பிரித்து இரண்டு மகள்களுக்குக் கொடுத்துவிட்டுக் காலமானவர். பின்பாதியில் அக்கா குல்சும் தனியாக இருக்கிறாள். அவள் வாசல் அடுத்த தெருவில்.

(கணக்கு டீச்சர் என்றால் அளந்து பேசுவாள் என்று வாசகர் எதிர்பார்ப்பார். இவள் மூச்சுவிடாமல் பேசுவாள். பாத்திரம் ஒட்டவில்லையே என்று தமிழாசிரியையாக மாற்றிப் பார்த்தேன். இன்னும் மோசமாகிவிட்டது.)

3

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது வீடு தலைகீழாகக் கிடந்தது. ஜுவேரியா ஒரு வீடியோ பார்த்திருந்தாள். பாலவாக்கத்தில் கடல் தெரிகிற வீட்டில் நின்றுகொண்டு ஒரு பெண், "உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற பொருளே போதும்" என்கிறாள். அவளிடம் ஏற்கெனவே இருந்த பொருள்களில் ஒரு தேக்கு ஊஞ்சலும் அடக்கம்.

ஜுவேரியாவிடம் இருந்தவை: பழைய பட்டுப் புடவைகள் இரண்டு, கைப்பிடி உடைந்த குக்கர், ஒரு டிரங்குப் பெட்டி. பதினொரு மணிக்குள் புடவைகள் ஜன்னலில் தொங்கின, குக்கரில் மணி பிளான்ட் நின்றது, டிரங்குப் பெட்டி போர்வை போர்த்திக்கொண்டு டீப்பாய் ஆனது.

"நாள் பூரா கர்ட்டன் வித்துக்கினு கீறேன் மேடம்," என்றார் சைஃப் என்னிடம். "வூட்டுக்கு வந்தா ஜன்னல்ல பொண்டாட்டி பொடவ தொங்குது. கடைல தெரிஞ்சா இன்னா ஆவும் என் மானம்?"

"உங்க கடைத் துணி மூணு துவைப்புல சாயம் போகுது. இது முப்பது வருஷமா அப்படியே இருக்கு," என்றாள் ஜுவேரியா. "பேசாம வந்து பீரோவைப் பிடிங்க."

நான் குறிப்பேட்டில் எழுதினேன்: 'நான்காவது யோசனை. கனமான பொருள்களை இடம் மாற்றுங்கள். புது வீட்டுக்கு வந்தது போலிருக்கும்.'

மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம். பச்சை பீரோ தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. அதன் பின்னால் ஒரு கதவு.

4

"இது எங்கே போகுது?" என்று கேட்டேன்.

சைஃப் மேலே ஃபேனைப் பார்த்தார். மூச்சுவிடாமல் பேசுகிற ஜுவேரியா கதவடியில் போய் உட்கார்ந்தாள்.

(இந்த இடத்தில் கட்டுரை என் கையைவிட்டுப் போயிற்று.)

அக்காவும் தங்கையும் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை. நகைச்சுவைக்கு உதவுமே என்று ஒரு காரணத்தை நானே புனைந்து பார்த்தேன்: கல்யாண வீட்டில் பிரியாணியில் உப்பு குறைவு என்று ஒருத்தி சொல்ல, அதைச் சமைக்கச் சொன்ன இன்னொருத்தி… இது அனந்தராமனுக்குப் பிடித்திருக்கும்.

உண்மைக் காரணத்தை அந்தக் கதவடியில் உட்கார்ந்து ஜுவேரியா சொன்னாள். அவர்கள் அம்மாவுக்குத் திடீரென்று முடியாமல் போனது. உடனே ஆபரேஷன் என்றார்கள். வேலூர் போயிருந்த குல்சும் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். ஜுவேரியா கையெழுத்துப் போட்டாள். அம்மா திரும்பவில்லை. அடக்கம் முடிந்ததும் குல்சும் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு மணி நேரம், நா வர்ற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?" மறுநாள் இந்தக் கதவுக்கு முன்னால் ஜுவேரியா பீரோவை இழுத்து வைத்தாள்.*

* பத்திரிகை நண்பர்கள் கவனிக்க: இதுவும் கையில் இருப்பதைக் கொண்டு வீட்டை மாற்றியமைத்ததுதான். செலவே இல்லை.

5

"திரும்ப வெச்சிரலாமா?" என்றார் சைஃப். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை.

ஜுவேரியா எழுந்தாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, குழவியால் தட்டி இழுத்தாள். கதவு எங்கள் பக்கமாகத் திறந்தது.

அங்கே நின்றது இன்னொரு பீரோவின் முதுகு. அதே பச்சை. மகள்கள் இருவருக்கும் அத்தா ஒரே நாளில் வாங்கிக் கொடுத்த ஜோடி.

நான் சிரித்துவிட்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"யாரு அது?" என்று பீரோவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஜுவேரியா சேலைத் தலைப்பில் எண்ணெய்க் கையைத் துடைத்தாள். "நான்தான்."

"நான்தான்னா?"

"ஜுவேரியா."

பீரோவுக்குப் பின்னால் காலடிச் சத்தம் நெருங்கியது.

"காலைலேர்ந்து இன்னா உருட்டிக்கினு கீறீங்க?"

"வீட்டை மாத்துறோம் அக்கா. பீரோவை நகர்த்தினோம்."

"அக்கா, நா சுத்திக்கினு வந்து உங்க பக்கம் தள்ளட்டுமா?" என்று சைஃப் குரல் கொடுத்தார்.

"நீ வேணாம் தம்பி. நா பாத்துக்குறேன்."

6

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன்.

அ) பீரோ நகர்கிறது. சகோதரிகள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். சைஃப் செல்ஃபி எடுக்கிறார். பத்தாவது யோசனை: 'உறவுகளே உண்மையான அலங்காரம்.' (இதைத் தட்டச்சு செய்தபோது எனக்கே கை கூசியது.)

ஆ) பீரோ நகரவில்லை. ஜுவேரியா கதவைச் சாத்துகிறாள். குக்கரில் மணி பிளான்ட் அசைகிறது. (இலக்கியப் பத்திரிகைக்கு.)

நடந்தது வேறு. அந்தப் பக்கம் ஒரு தள்ளல், கொஞ்சம் மூச்சு, மறுபடி ஒரு தள்ளல். நாலு விரல் இடைவெளி உண்டானது. அதில் முக்காடும் மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கமும் தெரிந்தன.

"நரைச்சிப் போச்சா உனக்கு?" என்றாள் குல்சும்.

"டை அடிக்க நேரம் இல்லை."

இருவரும் கையை நீட்டவில்லை. குல்சும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அம்மா உள்ள போறதுக்கு முன்னாடி… என்னைக் கேட்டாங்களா?"

ஒன்பது வருடமாக ஜுவேரியா யாரிடமும் சொல்லாதது அதற்கான பதில். என்னிடமும் சொன்னதில்லை. சைஃப் என் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "மேடம், வெளிய போலாம் வாங்க." கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் என் கால் நகரவில்லை. எழுதுகிறவளின் கால்.

ஜுவேரியா பதில் சொன்னாள். நான் கேட்டேன். அதை எழுத மாட்டேன். 'ஆமாம்' என்றாளா, 'இல்லை' என்றாளா, அக்காவுக்காக ஒரு பொய் சொன்னாளா, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பதில் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பக்கம் பீரோ மறுபடி தரையை உராய்ந்தது. வழிவிட நகர்ந்தாலும் அடைக்க நகர்ந்தாலும் சத்தம் ஒன்றாகத்தான் கேட்கும். அதற்குள் நான் வாசலுக்கு வந்து, குனிந்து, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.