திரும்பி வரும் விமானம்

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அந்த விளையாட்டு விமானத்தைச் செய்தவள் நான். மூங்கிலை ஈர்க்கு ஈர்க்காகச் சீவி, கஞ்சிப் பசை தடவி, பட்டத்தாள் ஒட்டியவள் நான். என் வீட்டுக்காரர் அப்துல் அலீம் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பழைய டியூபிலிருந்து ரப்பர் பட்டை அறுத்துக் கொடுத்தார். அவர் பங்கு அவ்வளவுதான். அந்த ரப்பரை முறுக்கிவிட்டால் முன்னால் உள்ள விசிறி சுற்றும், விமானம் பறக்கும்.

சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு அவர் வந்ததும் மொட்டை மாடிக்குப் போவோம். அவர் முறுக்குவார், நான் பறக்கவிடுவேன். காஜிமார் தெரு வீடுகளுக்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டு எங்களிடமே வந்து இறங்கும். சில நாள் கொடியில் காயும் சேலைக்குள் புகுந்துகொள்ளும். வயிறு வலிக்கச் சிரிப்போம். யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை.

அது தானாகத் திரும்பி வரவில்லை. வாலில் செங்குத்தாக நிற்கும் அட்டையை இடப்பக்கம் ஒரு நூலளவு வளைத்து வைத்திருந்தேன். தெருவில் போய் விழுந்தால், வெளியே தலைகாட்டக் கூடாத நான் இறங்கிப் போய் எடுக்க முடியுமா? அதற்காகத்தான். அவர் அதை ஒரு நாளும் கவனித்ததில்லை.

கண்மாய் வற்றிய கோடையில் ஒரு கிளப்பைச் சேர்ந்தவர்கள் போட்டி அறிவித்தார்கள். வில்லாபுரம் பக்கத்துத் திடலில், அதிக தூரம் போகும் விமானத்துக்கு வெள்ளிக் கோப்பை. அன்றோடு எங்கள் சிரிப்பு போனது. மாடிக்கு வரும்போதே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வருவார். நான் சிரித்தால், "இளிக்காத. இது விளையாட்டில்ல" என்பார்.

விமானம் திரும்பித் திரும்பி வந்ததற்கும் அவரே காரணம் கண்டுபிடித்தார். "மாடியில சுவத்துக் காத்து திருப்பி விடுது. திடல்ல நேராப் போயிரும் பாரு."

வால் அட்டையை வளைத்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்குள் போட்டிப் படிவத்தைப் பார்த்துவிட்டேன். செய்தவர் பெயர் என்ற இடத்தில் அப்துல் அலீம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

போட்டியன்று காலையில், "எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று என்னிடமே கேட்டார்.

"நீங்கதானே செஞ்சீங்க. நீங்களே பாத்துக்கங்க" என்றேன். அவருக்கு உறைக்கவில்லை.

நானும் நாத்தனார் ஷரீபாவும் திரை போட்ட குதிரை வண்டியில் போனோம். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பில் எங்கள் விமானம் எல்லாருடையதையும்விட உயரமாக ஏறியது. பிறகு அழகாக ஒரு வட்டம் போட்டு, விட்டவர் காலடியிலேயே வந்து இறங்கியது. கிளப் செகரட்டரி டேப்பை வைத்து அளந்தார். நாலு அடி. திடலே சிரித்தது.

"ஏன் திரும்புது? செஞ்சவரு நீங்கதானே, சரி பண்ணுங்க" என்றார் செகரட்டரி.

என் வீட்டுக்காரர் விமானத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வண்டிக்கு வந்தார். திரைக்கு வெளியே நின்று, "ஜெயினம்பு, என்ன செய்யணும்? சீக்கிரம் சொல்லு" என்றார்.

"செஞ்சது எம் பொண்டாட்டி ஜெயினம்புன்னு செகரட்டரிகிட்டச் சொல்லுங்க. இங்கருந்தே சொல்லித் தாரேன்."

"இம்புட்டு ஆம்பளைக முன்னால உம் பேரச் சொல்லவா? என்னைய என்ன நினைப்பாக?"

"எம் பொருளக் கொண்டுவரலாம். எம் பேரக் கொண்டுவரக் கூடாதாக்கும்."

ஷரீபா என் கையைப் பிடித்து அமுக்கினாள். நான் விடுவித்துக்கொண்டேன். அவர் திடலுக்கே திரும்பிப் போனார். செகரட்டரியிடம் என் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த இரண்டு தடவையும் விமானம் வட்டம் போட்டு அவரிடமே வந்தது. சிரிப்பைத் தாங்கிக்கொண்டார், தோல்வியைத் தாங்கிக்கொண்டார். என் பெயர் ஒன்றுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "ஊரு சிரிக்க வச்சுட்டியே" என்று கத்தினார்.

நான் விமானத்தை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். பின்னாலேயே வந்தார். ரப்பரை நானே முறுக்கினேன். அவர் கண்ணுக்கு முன்னால் வால் அட்டையைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி நேராக்கினேன்.

"இம்புட்டுத்தான்" என்று சொல்லிப் பறக்கவிட்டேன்.

அது திரும்பவில்லை. எங்கள் தெருவைத் தாண்டியது, அடுத்த தெருவையும் தாண்டியது, எங்கேயோ வீடுகளுக்கு நடுவே இறங்கியது.

"போய் எடுத்துட்டு வாங்க" என்றேன். "நான் தெருவுல இறங்க முடியாது. வீடு வீடாக் கேளுங்க. யார் செஞ்சதுன்னு கேப்பாக. எம் பேரச் சொன்னா அதோட வீட்டுக்கு வாங்க. சொல்ல முடியலைன்னா, அது அங்கேயே கிடக்கட்டும்."