இரண்டு சொடுக்கு

“அப்பாவுக்கு நாம சொன்னது கேட்டுச்சுன்னு எப்படிம்மா தெரியும்?”

ஆறு வயதில் அவள் கேட்ட கேள்வி அது. அப்பா லாரி ஓட்டுநர். எங்கோ நெடுஞ்சாலையோரத்திலிருந்து அவர் பேசும்போது தொலைபேசியில் பாதி காற்றுதான் கேட்கும். அம்மா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லு. சொல்லிட்டாருன்னா கேட்டிருக்கு. சும்மா ‘உம்’ கொட்டினா நம்பாதே. உங்கப்பா தூக்கத்துலயும் உம் கொட்டுவாரு.”

வளர்ந்து, ராணுவத் தகவல் தொடர்பு அதிகாரிக்கான பயிற்சியில் சேர்ந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. வானொலிக் கருவியில் எந்தச் செய்தி வந்தாலும் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வாள். எதிர்முனையையும் சொல்ல வைப்பாள். விதியே அதுதான். அவசரத்தில் மற்றவர்கள் விதியைப் பாதி விழுங்கிவிடுவார்கள். அதனால் அவளுக்குக் கிளி என்று பெயர் விழுந்தது.

“ஏண்டி கிளி, சாப்பிட வான்னு கூப்பிட்டாக்கூடத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் வருவியா?” என்பாள் பக்கத்துக் கட்டில்காரி. தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவள் என்பதால் அவள் சோடாபுட்டி.

“உன்னைத்தான் சாப்பாட்டுக்குக் கூப்பிடவே வேண்டாமே.”

கிளி இறுதித் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். இம்முறையும் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தத் தேர்வு நாளும் வந்தது. காலையில் கருவியைச் சோதித்தால் பேட்டரி முள் அடியில் படுத்திருந்தது. வேறு பேட்டரி இல்லையென்று கிடங்குக்காரர் கையை விரித்துவிட்டார். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது முள் நிமிர்ந்து நின்றது. கிடங்குக்காரருக்கு மனம் இளகிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, கடவுளுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்தாள்.

மலையின் மறுபக்கச் சரிவில் உண்மையான குண்டுகளோடு சுடும் பயிற்சி. அங்கே வானொலிக்குப் பொறுப்பு சோடாபுட்டி. இந்தப்புறம், சத்தம் எட்டாத கூடாரத்தில் கிளி. மலையில் சூடு நின்ற பிறகு, வீரர்கள் ஏறிய லாரிகள் அந்தச் சரிவின் அடிப்பாதையைக் கடக்க வேண்டும்.

“மலை, இது கூடாரம். சூட்டை நிறுத்தவும். லாரிகள் கீழ்ப்பாதையில் வருகின்றன. திருப்பிச் சொல்லவும்.”

டிக், டிக்.

பேசாமல் பொத்தானை இரண்டு முறை சொடுக்கினால் ‘சரி’ என்று பொருள். விதியில் இல்லாத, எல்லோரும் பழகிப்போன குறுக்குவழி.

“அதான் சரின்னாச்சே. லாரியை விடு,” என்றார் பயிற்சி கேப்டன். ஜெனரல் பார்வையிட வந்திருந்ததால் அவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல நின்றார்.

“திருப்பிச் சொல்லலை சார். விட மாட்டேன்.”

“என்ன சொன்னே?”

“விட மாட்டேன்னு சொன்னேன் சார்.”

“இது ஆணை. பேரை அடிச்சுட்டேன்னா இன்னைக்கே வீட்டுக்குப் போகணும், தெரியுமில்ல?”

“தெரியும் சார். அடிச்சுக்குங்க. ஆனா செய்தி சேர்ந்துடுச்சுன்னு என் வாயிலேர்ந்து வராது. சேரலை.”

கேப்டன் ஒலிவாங்கியைப் பறிக்கக் கை நீட்டினார். அதற்குள் அவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

“மலை, இது கூடாரம். இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறீர்களா?”

டிக், டிக்.

“மலை, சூட்டை நிறுத்திவிட்டீர்களா?”

டிக், டிக்.

நீட்டிய கை மெல்ல இறங்கியது. “எதைக் கேட்டாலும் தலையாட்டுது,” என்று முணுமுணுத்தவர், வாசலைப் பார்த்துச் சொன்னார்: “லாரி நிக்கட்டும். ஜீப்பை மேல அனுப்பு.”

ஜீப் போய்ச் சேர்ந்தபோது சூடு நடந்துகொண்டுதான் இருந்தது. சோடாபுட்டியின் பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் அவளுக்குக் கேட்டது. சொல் விளங்கவில்லை, பேசவும் கருவிக்குத் தெம்பில்லை. பழக்கதோஷத்தில் பொத்தானைச் சொடுக்கி வைத்திருக்கிறாள்.

மாலையில் கேப்டன் இருவரையும் முன்னால் நிறுத்தினார்.

“பேட்டரியைப் பார்க்காம மேல போனியா?”

“மறந்துட்டேன் சார்,” என்றாள் சோடாபுட்டி.

“சரிவு பூரா நட்ட அபாயக் கொடியை, சாப்பிட்டுட்டு நீ ஒருத்தியே பிடுங்கிக் கொண்டுவரணும்.” பிறகு கிளியிடம் திரும்பினார். “உனக்கு வாய் ஜாஸ்தி.”

“ஆமா சார்.”

“ஆணையை மீறினதுக்கு ஒரு வாரம் காவல் வேலை. பேரை அடிக்கலை. தேறிட்டே.”

“நன்றி சார். நாளைக்கு இதே மாதிரி நடந்தாலும் விட மாட்டேன் சார்.”

“போ, போ. அது தெரிஞ்சுதான் அடிக்கலை.”

கருவியைத் துடைத்து வைக்கும்போதுதான் பேட்டரியைக் கழற்றினாள். அதில் நீலப் பட்டை. கூடாரத்துப் பேட்டரிக்குச் சிவப்புப் பட்டைதான், நீலம் மலைக்கு. கிளி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சோடாபுட்டிதான், தோழி இன்னொரு முறை தோற்றுவிடக் கூடாது என்று தன்னுடையதைக் கழற்றி மாட்டிவிட்டு, செத்ததைச் சுமந்துகொண்டு மலையேறியிருக்கிறாள். செய்யக் கூடாத காரியம்தான்; உயிர்களோடு விளையாட்டு. ஆனாலும் அதற்குள் இருந்த அன்பு பொய்யில்லை. கேப்டனிடம் சொன்னால் அவளுக்கு இன்னொரு தண்டனை. அவளிடமே கேட்டால், இல்லவே இல்லை என்று சாதிப்பாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் தட்டோடு போனார்கள். கிளி பின்வழியாக மலைக்கு நடந்தாள். மிகச் செங்குத்தான மேல்முனையில் தொடங்கி, கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே இறங்கினாள். சோடாபுட்டிக்கு அங்கே கால் வழுக்கும். கண்ணாடியில் பனி படிந்தால் பாதையும் தெரியாது. வெளிச்சம் குறைவதற்குள் பாதிச் சரிவு முடிந்தது. கொடிகளைக் கட்டாகக் கட்டி, ஏறி வருபவள் முதலில் பார்க்கும் பாறைமேல் வைத்தாள்.

பாதையின் வளைவில் மூக்குக்கண்ணாடி மின்னியதும், மறுபக்கமாக இறங்கிப் போய்விட்டாள்.