ஒன்பது மணிப் பாய்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டீக்கடை. சென்ட்ரிங் வேலை செய்யும் குப்புராஜ் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அன்று காலை பள்ளிக்கூடத்தில், டீச்சர் எதிரில், பத்தாவது படிக்கும் மகளை அந்தக் கையால் அடித்திருந்தான். கேட்டு முடித்ததும் எழுத விஷயம் கிடைத்ததென்று வேகமாக வீட்டுக்கு வந்தேன். [இந்த வரியை எடுத்துவிடத்தான் நினைத்தேன். இருக்கட்டும்.]

2

முதல் தொடக்கம்: 2007 செப்டம்பரின் ஓர் இனிய மாலையில்

வேண்டாம். சிறுசேரியில் பகலெல்லாம் பலகை சுமந்தவனுக்கு மாலையில் இடுப்புதான் வலிக்கும்.

இரண்டாவது தொடக்கம்: குப்புராஜ் வீட்டில் ஒரே சட்டம். ஒன்பது மணிக்கு சுபத்ரா பாயில் இருக்க வேண்டும். தூக்கம் கெட்ட பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் சொன்னதை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மகள் சித்தாள் வேலைக்குப் போகக் கூடாது. எட்டே முக்காலுக்கே குரல் கொடுப்பான், "சுபா, பாயப் போடு!"

"கடியாரமே உன்னப் பாத்துதான் ஓடுது" என்பாள் அவன் மனைவி கங்கம்மா.

அந்த வருஷம் அரசாங்கம் கொடுத்த கலர் டிவி அவனுக்கு வந்தது. தெருவில் மற்றவர்களுக்கு இன்னும் வரவில்லை. இருபது ஓவர் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. இந்தியா ஆட்டம் இரவு ஒன்பதரைக்கு. கூட வேலை செய்யும் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். வீடு என்பது பத்துக்கு எட்டில் ஒரே அறை.

3

காலாண்டுத் தேர்வில் சுபத்ராவின் கணக்குத் தாள் பாதி வெள்ளை. மீதியில் பேனா இழுத்துக்கொண்டு போன கோடு.

"எக்ஸாம்லயே தூங்கிட்டா சார்" என்றார் நஃபீசா டீச்சர். "நைட்டெல்லாம் டிவி போல. நீங்கதான் ஸ்ட்ரிக்ட்டா இருக்கணும்."

குப்புராஜை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. சட்டையில் சிமெண்டுக் கறையோடு நின்றவனுக்கு, அந்த மரியாதைக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது.

"ஒம்போதுக்கு மேல முழிக்கக் கூடாதுன்னு சொன்னனா இல்லியாடி?" அடித்தான்.

[இங்கே சுபத்ராவுக்கு ஒரு நல்ல வசனம் எழுதியிருந்தேன். அந்த வயசுப் பெண் அப்படிப் பேச மாட்டாள். அடித்துவிட்டேன்.]

பஸ் ஸ்டாப்பில்தான் அவள் வாய் திறந்தாள்.

"நான் டிவி பாக்கலப்பா. சொவத்தப் பாத்துகினு ஒக்காந்திருந்தேன்."

"அப்ப தூங்கறதுக்கு இன்னா?"

"எங்க தூங்கறது? உன் ஆளுங்க நாலு பேரும் என் பாய் மேலதான ஒக்காந்துகினு சிக்ஸருக்குக் குதிக்கிறாங்க?"

"டீச்சராண்ட சொல்றதுதான?"

"நீ எங்க சொல்ல வுட்ட?"*

* மேலே மூன்று பேர் என்று எழுதினேன். அவள்தான் சரி. நாலாவது ஆள் நான்.

4

டீக்கடையில் அவன் கதை மட்டும் சொல்லவில்லை. "நாளிக்கு அரையிறுதி, மச்சான். வராதீங்கன்னு என் வாயால எப்டி சொல்றது? நீ சொல்லேன் அவங்களாண்ட."

"சொல்றேன்" என்றேன்.

முடிவு அ: நான் சொன்னேன். யாரும் போகவில்லை. சுபத்ரா தூங்கினாள். பொய்.

முடிவு ஆ: குப்புராஜ் எங்களை வாசலிலேயே நிறுத்தினான். நடக்காது. அந்த டிவியைப் பெட்டியோடு தூக்கி வந்தது எங்கள் தோள். அவன் வீட்டுக்குத் தளம் போட்ட அன்று கூலி வாங்காமல் கலவை சுமந்தவர்கள் நாங்கள். அப்படிச் சுமந்தவனை வாசலோடு அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. அது தெரிந்துதான் என்னிடம் கேட்டான்.

5

மறுநாள் ஒன்பதேகாலுக்கு நாலு பேரும் போனோம். நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கையில் பக்கோடாப் பொட்டலம்.

டிவி ஓடவில்லை. சுபத்ரா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இமை மட்டும் துடித்தது. குப்புராஜ் ரிமோட்டைப் பிடித்தபடி என்னையே பார்த்தான்.

"தனசிங் அண்ணா வந்துட்டாரு, எழுந்திரு சுபா" என்று என்னைக் காட்டிச் சொன்னாள் கங்கம்மா.

"வாங்க மாமா" என்று எழுந்து, தலையணையை எடுத்துக்கொண்டு, அடுப்படி மூலைக்குப் போனாள்.

இதற்கு மேல் ஒரு வரிதான் எழுத முடிந்தது. அதையும் முடிக்கவில்லை. முடிக்கிறவர்கள் முடித்துக்கொள்ளுங்கள், அந்த அறையில் உட்கார வேறு இடம் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அவள் படுத்திருந்த சூடு ஆறாத அந்தப் பாயில் நான்