கிளி லேபிள் முகமூடி

ராக்கப்பன் பீடி பற்றவைத்ததால்தான் பட்டாசு மருந்துக் கொட்டகை வெடித்தது என்று கம்பெனிக்காரன் சொன்னான். பச்சைப் பொய். வெடியில் செத்த ராக்கப்பன் என் தங்கச்சி பஞ்சம்மாளைக் கட்டியவன். பீடி வாடையே அவனுக்கு ஆகாது. இறுகிப்போன மருந்தை இரும்புக் கம்பியால் அவனைக் குத்தச் சொன்னது போர்மேன் தங்கச்சாமி. கண்ணால் பார்த்தவன் கூட வேலை பார்த்த பெத்தணன் ஒருத்தன்தான். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் சொல்லிவிடுவதாக என்னிடமும் பஞ்சம்மாளிடமும் மட்டும் சொல்லியிருந்தான்.

அந்த வாரம் நாரணாபுரத்தில் மாரியம்மன் பொங்கல். நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டுகிறவர்கள் வீடு வீடாகப் பிச்சைக்கு வருவார்கள். முகமூடிக்குள் யாரென்று கேட்கக் கூடாது. வேஷத்திடம் பொய் சொல்லவும் கூடாது. எவன் வைத்த சட்டமோ!

புதன்கிழமை பகலில் ஒரு காகித முகமூடி பஞ்சம்மாள் வாசலில் வந்து நின்றது.

"தாயி, ஒம் புருசன் மேல குத்தமில்லன்னு சொல்ல ஆள் இருக்கா?"

சாமியே கேட்கிறது என்று கும்பிட்டுக்கொண்டே பெத்தணன் பேரைச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பெத்தணன் வீட்டில் இல்லை. பஞ்சம்மாள் என்னிடம் ஓடிவந்து வேஷம் கேட்டதைச் சொன்னாள்.

"எந்த நாயின்னு தெரியலையே அண்ணே!"

"மூஞ்சி தெரியல, சரி. முகமூடி எப்படி இருந்துச்சு?"

"தாடைகிட்ட சாயம் உரிஞ்சிருந்துச்சு. அடியில லேபிள் தாளு. பச்சைக்கிளி போட்டது."

கிளி லேபிள் தீபாவளி சீசனுக்கு வந்த புது ஆர்டர். இன்னும் ஒரு பெட்டியிலும் ஒட்டவில்லை. அச்சாபீஸிலிருந்து வந்த கட்டு தங்கச்சாமி அறையில் பூட்டிக் கிடந்தது. சாவி அவன் இடுப்பில்.

கோயிலுக்கு ஓடினேன். வேஷக்காரர்களுக்கு நடுவில் அந்தக் கிளி. முகமூடியைப் பிடித்து இழுத்தேன். தங்கச்சாமியேதான். கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

"சாமி வேசத்தைப் பிடுங்கிட்டான்லே! பிடிங்கலே அவனை!"

நாலு பேர் என் கையை முறுக்கினார்கள். பின்னாலேயே வந்த பஞ்சம்மாள் முகமூடியை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"நேத்து இதை மாட்டிக்கிட்டு எங்கிட்ட என்னமோ கேட்டியே, இப்ப வெறும் மூஞ்சியோட கேளுலே. எல்லாரும் கேக்கட்டும்!"

நடந்ததை அவளே கத்திச் சொன்னாள். என்னை முறுக்கிய கைகள் அவன் பக்கம் திரும்பின.

"பெத்தணன் ஆலங்குளத்துலதான் இருக்கான். லோடு லாரில ஏத்தி விடச் சொன்னது கம்பெனிதான். ஆத்தா மேல சத்தியமா!"

"ஒஞ் சத்தியத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. ஏறுலே பஸ்ஸுல" என்று அவன் கையைப் பிடித்தேன்.

பெத்தணனை அழைத்துவந்து, மறுநாள் அவன் அதிகாரி முன்னால் வாய் திறக்கும்வரை, தங்கச்சாமி கையை நான் விடவில்லை.