வயலினுக்கு ஒரு வாத்தியார்

"அவர் கிளம்புற வரைக்கும் நீ வெளியே தலை காட்டாத" என்று சொல்லிவிட்டு, மாமியார் அறைக்கதவை இழுத்துச் சாத்தினாள்.

மருமகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கணவன் இறந்த புதிதில் இதற்கெல்லாம் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. இப்போது பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது.

கூடத்தில் அவள் மகளுக்கு வயலின் வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்திருந்தவர் மகளின் பள்ளிக்கூடத்து இசை ஆசிரியர், இளைஞர். குழந்தையின் தோளிலிருந்து வயலின் நழுவுவதைக் கவனித்து, கைக்குட்டையை மடித்து அடியில் வைத்தார். முழங்கையைச் சற்றே தாழ்த்தச் சொன்னார். கதவு கிறீச்சிடுவது போலிருந்த சத்தம் கொஞ்ச நேரத்தில் ஒரு சுரமாயிற்று. குழந்தை தன்னை மறந்து சிரித்தது உள்ளறை வரை கேட்டது.

அவர் போனதும் நாத்தனார் சொன்னாள்: "நல்லாத்தான் சொல்லித் தர்றாரு. ஆனா இன்னும் கல்யாணம் ஆகலையாம்மா."

"அப்ப வேண்டாம். புருஷன் இல்லாத சின்னவ இருக்கிற வீடு. எதிர்வீட்டுக்காரி நாக்கைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா."

"பாடம் படிக்கப் போறது குழந்தைதானே?" என்றார் மாமனார்.

"நீங்க பேப்பரைப் படிங்க."

அடுத்து வந்தவர் கச்சேரிகளை விட்டு ஓய்ந்துபோன கிழவர். எதையும் அவரிடம் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"காது மந்தம்மா" என்று அவரே சொல்லிவிட்டார். "குழந்தை தப்பா வாசிச்சா எனக்குத் தெரியாது. வேற ஆளப் பாருங்க."

மாமியாரின் முகம் மலர்ந்தது. "அதெல்லாம் பரவாயில்லைங்க. நீங்களே வாங்க!"

சமையலறைக்கு வந்து தன் மகளிடம், "கண்ணும் தெரியலைன்னா இன்னும் நிம்மதி" என்றாள். கேலியாக அல்ல.

முதல் பாடத்தன்று கதவு மறுபடி சாத்தப்பட்டது. குழந்தை வாசித்தது. பழைய கிறீச்சொலி.

"சபாஷ்!" என்றார் கிழவர்.

மறுபடி வாசித்தது. இன்னும் மோசம்.

"சபாஷ்!"

வில் நின்றது. "தப்புன்னு யாராவது சொல்லுங்களேன்" என்றது குழந்தை. அந்தக் குரலில் அழுகை இல்லை. அதுவும் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. உள்ளே இருந்தவளுக்கு அது தன் குரல்தான் என்று தெரிந்தது.

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கிழவரின் காதருகே குனிந்து, "தப்புதாங்க ஐயா. மன்னிச்சுக்கங்க" என்றாள்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேம்மா" என்று அவர் எழுந்தார்.

"உள்ள போடி!" என்று மாமியார் பல்லைக் கடித்தாள். அதற்குள் மருமகள் பள்ளிக்கூடத்து ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டாள்.

"குழந்தையோட அம்மா பேசறேன் சார். நாளையிலேர்ந்து நீங்களே வாங்க."

எதிர்முனையில் தயக்கம். "வீட்டுல பெரியவங்க சம்மதிச்சுட்டாங்களா?"

"இந்தக் குழந்தைக்கு நான்தான் பெரியவ. பாடம் நடக்கிறப்ப கூடத்துல நான் இருப்பேன். வாங்க."

தெருப்பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.