இணைப்பினுள் உறங்கிய கம்பி

ஆற்றின் மேல் படர்ந்திருந்த வெண்பனி மெல்லக் கலைந்து, அக்கரைக் கிடங்குகளின் கூரைகளில் இளவெயில் ஏறி, இக்கரையில் அணிவகுத்து நின்ற புகைபோக்கிகளின் தலைகளைப் பொன்னாக்கிய காலைப்பொழுது அது. மூன்று திங்களாக வாய்மூடிக் கிடந்த சாய ஆலையின் புகைபோக்கி, அன்பரே, அன்றுதான் மீண்டும் ஒரு மெல்லிய புகையிழையை வானில் விட்டது. புதிய கொதிகலனுக்கு விடியுமுன்பே தீ மூட்டியிருந்தார்கள். நீராவி எழுந்தால் ஆலை எழும். ஆலை எழுந்தால் நாற்பது வீடுகளில் அடுப்பு எழும். ஆதலின் தொழிலாளர் அனைவரும் கொதிகலன் கூடத்தில் கூடி, சுவரிலிருந்த அழுத்தமானியின் முள்ளை, மருத்துவரின் முகத்தைப் பார்க்கும் உறவினரைப்போல், இமையாது பார்த்து நின்றனர். பத்தில் நின்றால் முழு அழுத்தம். முள் அப்போது நான்கில் இருந்தது.

அக்கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்தாம் அக்கொதிகலனின் தகடுகளை உருக்கி இணைத்த பற்றவைப்பாளர். அவரை எவரும் தொழிலின் பெயரால் அழைப்பதில்லை. கோயிலில் முழந்தாளிட்ட மறுகணமே கண்ணீர் பெருக்கெடுக்கும் இயல்பினராதலின், 'மழைக்காரர்' என்பதே அவருக்கு வழங்கிய பெயர். அண்மைக்காலமாக அம்மழை ஓயாது பெய்தது. பக்தி முற்றிவிட்டது என்றனர் சிலர். மெய்க்காரணத்தை அறிந்தவர் அவர் ஒருவரே.

அது இதுதான். கொதிகலனின் அடிவயிற்றில், தீயாளர் நின்று கரி இடும் இடத்துக்கு நேர்மேலே, இரு தகடுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கவேண்டிய இடத்தில், விரல் நுழையும் இடைவெளி விழுந்துவிட்டது. அளவுக்கோடு தவறி வெட்டியவரும் அவரே. தகட்டைக் கழற்றி மீண்டும் வெட்டினால் மூன்று நாள் ஆகும். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் தலைமைப் பற்றவைப்பாளர் பதவி தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். எனவே அவர் ஓர் இரும்புக் கம்பியை அவ்விடைவெளியில் கிடத்தி, அதன் மேல் உருகிய உலோகத்தை ஓடவிட்டு, மீன்செதில் அடுக்கினாற்போன்ற அழகிய மேற்பரப்பால் மூடி, அருகே, பற்றவைத்தவர் இன்னாரெனக் காட்டும் தம் எண்ணாகிய பதினேழையும் பொறித்துவிட்டார். பதவி வந்தது. அன்றிரவே அழுகையும் வந்தது. நாற்பது நாள் ஆண்டவர்முன் அழுதார். அழுத பின்னெல்லாம் நெஞ்சு இலேசாயிற்று. கம்பி மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"எல்லாரும் தொப்பியைக் கழட்டுங்கப்பா," என்றார் முதலாளி. "நம்ம மழைக்காரர் ஒரு ஜெபம் பண்ணட்டும். சுருக்கமா முடிங்க. போன தடவை மாதிரி ரெண்டு பேர் மயங்கி விழ வேண்டாம்."

"யாராச்சும் குடை வச்சிருக்கீங்களா?" என்றான் தீயாளன். மழைக்காரரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி அவன். அத்தானைச் சீண்டாமல் அவனுக்குப் பொழுது போகாது. கூடம் சிரித்து அடங்கியது.

மழைக்காரர் கண்களை மூடினார். "ஆண்டவரே, இந்த ஆலையை... இந்தப் பாய்லர் பக்கத்துல நிக்கிறவங்களை நீங்க பத்திரமா..."

தாம் கேட்பது யாரிடமிருந்து காக்கும்படி என்னும் எண்ணம், நெஞ்சில் ஊசியாய் இறங்கியது. கண்ணைத் திறந்தார். முள் ஐந்தைத் தாண்டியிருந்தது. மைத்துனன் கரிவாரியை மார்போடு அணைத்து, தலை கவிழ்ந்து, பதினேழாம் எண்ணுக்கு நேர்கீழே நின்றிருந்தான்.

"நிறுத்துங்க! தீயை வெளிய இழுங்க!"

"என்னய்யா இது, ஜெபத்துக்கு நடுவுல?" என்றார் மேற்பார்வையாளர்.

"அடி ஜாயிண்ட்ல கம்பி வச்சு மூடியிருக்கேன். நான்தான் வச்சேன்."

"உளறாதய்யா. தண்ணி அடைச்சு ஒன்றரை மடங்கு அழுத்தத்துல பாத்தேன். ஒரு சொட்டு ஒழுகல."

"பச்சைத் தண்ணி வேற, நெருப்பு வேற சார். சூடேறினா அது பிளக்கும்."

தீயாளனின் முகத்திலிருந்த குறும்பு வடிந்தது. "எப்ப வச்சீங்க அத்தான்?"

"நாப்பது நாளாச்சு."

"நாப்பது நாளா எங்கக்காவைத் தூங்கவிடாம அழுதீங்களே! அந்தக் கண்ணீர்ல கம்பி கரைஞ்சுதா?"

கூட்டம் வாயிலை நோக்கி நெருக்கியடித்து ஓடியது. மேற்பார்வையாளர் ஏணியில் ஏறி, ஆவிபோக்கும் திறப்பின் திருகை இழை இழையாகத் திருப்பத் தொடங்கினார். ஒரேயடியாய்த் திறந்தால் அதிர்விலேயே இணைப்பு தெறிக்கும். தீயை இழுக்கும் நீண்ட கொக்கியை மைத்துனன் எடுத்தான். அதை மழைக்காரர் பற்றிக்கொண்டார்.

"விடுங்க. இது என் வேலை."

"இது என் ஜாயிண்ட். நீ வெளிய போடா. உங்கக்கா முகத்துல நான் முழிக்கணும்."

பறித்து, அவனைத் தோளால் தள்ளிவிட்டு, தம் எண்ணின் கீழே தாமே போய் நின்றார். கனன்ற கரியை வாரி வாரி வெளியே இழுத்தார். புருவமயிர் கருகி நாறிற்று. தீ குறைந்தும், செங்கற்கள் உண்டிருந்த வெம்மை விடாமையால், முள் ஆறுக்கு ஏறியது. அப்போது தலைக்கு மேலே, நகத்தால் சுண்டினாற்போல், உலோகத்துக்குள் ஓர் ஒலி. கை நின்றது. ஆயினும் கால்கள் பின்வாங்கவில்லை. அடுத்த வாரலை இழுத்தார், அதற்கடுத்ததையும். முள் நடுங்கியது, தயங்கியது, இறங்கியது. ஐந்து. மூன்று. சுழியத்தில் வந்து படுத்தபோது, அவர் கொக்கியைப் பிடித்தபடியே தரையில் அமர்ந்துவிட்டார்.

கொதிகலன் ஆறுவதற்குப் பிற்பகல் ஆயிற்று. தேய்க்கும் பொறியைத் தம் கையாலேயே எடுத்து, தாம் வனப்புடன் அடுக்கிய செதில்களைத் தாமே அறுத்தார். தீப்பொறிகள் பறந்தன. அறுத்த ஆழத்தில், புண்ணுக்குள் தைத்த முள்போல், கம்பி கிடந்தது. அதன் ஓரமாக மயிரிழை அகலத்தில் ஒரு வெடிப்பு, மூன்று விரல் நீளம் ஓடியிருந்தது.

முதலாளி அவரைத் தனியே அழைத்தார். "ஒத்துக்கிட்டே. யாருக்கும் ஒண்ணும் ஆகல. தலைமை வேலை கிடையாது. ஆனா வேலைல இரு. கம்பியை எடுத்துட்டு ஒழுங்காப் பத்தவை. விஷயம் இந்தச் சுவரைத் தாண்டாது. இது ஒண்ணுதானே?"

'ஆமா' என்னும் சொல் நாவின் நுனிவரை வந்தது. எவ்வளவு சிறிய சொல்! இத்தனை நாள் அழுகையிலும் ஆண்டவரிடம் பெயர் சொல்லாது ஒளித்த மற்றொன்று, நெஞ்சின் மூலையில் அப்போது அசைந்தது.

"இல்ல முதலாளி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து பாய்லர்ல இன்னொண்ணு. ரெண்டு வருஷமாச்சு."

"பைத்தியமா உனக்கு? அது வேற இடத்து வேலை. அங்க போய்ச் சொன்னா, இனி இந்த ஊர்ல எவனும் உன் கையில கருவியைக் குடுக்க மாட்டான்."

"தெரியும்."

அவர் முற்றத்துக்கு வந்தபோது, மைத்துனன் மிதிவண்டியைப் பிடித்து நின்றிருந்தான். சாளரத்தின் வழியே எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"அங்க எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுவாங்க?"

"ஆறுக்கு."

"இப்பவே அஞ்சே கால். நடந்தா ஆகாது, பின்னாடி ஏறுங்க. எனக்குக் கோவம் போகல, சொல்லிட்டேன். வழியில அழுதீங்கன்னா இறக்கி விட்டுடுவேன்."

மனந்திரும்புதல் கண்ணின் தொழில் என்றே நெடுநாள் எண்ணியிருந்தார் அவர். நெஞ்சு நைவது தொடக்கமே. தவறு கிடக்கும் இடத்துக்கு, கேட்பார் இல்லாத போதும், இழப்பு இன்னதென்று அறிந்தும், சென்று கைவைப்பதே திரும்புதல். ஆண்டவரின் இரக்கம் அதற்கு விலையாகக் கிடைப்பதன்று. அவரை எழுப்பி அவ்வழியே நடத்தியதே அவ்விரக்கந்தான். சலவைக்கூடத்தில், கிழித்த தீக்குச்சியோடு அடுப்பின் வாயில் குனிந்திருந்த முதியவரிடம், மூச்சிரைக்க அவர் சொன்னது இரண்டே சொற்கள்:

"பொறுங்க ஐயா."

முதியவர் நிமிர்ந்து பார்த்தார். குச்சி எரிந்து, விரலருகே வந்து, தானே அணைந்தது.