சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓர் அறை

"பார்த்து வாங்க, கொளத்துல கால வெச்சுபோடாதீங்க!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். என் கொழுந்தனார் சம்சாரம் சித்திகா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளி விலகினாள். அங்கே குளம் ஏது? கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிப் போட்டிருந்த காய்ந்த செம்மண் நிலம். அதில் மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியால் வளைத்துப் போட்ட ஒரு கோடு. அதுதான் குளம். அதன் குறுக்கே இரண்டு கோடுகள் இணையாகப் போயின. அது ஹாலிலிருந்து சமையல்கட்டுக்குப் போகிற மரப்பாலம். சித்திகா அந்தப் பாலத்தின் மேல் நிஜமாகவே ஒவ்வோர் அடியாக வைத்து நடந்து வந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அவள் விழுந்துவிடுவாளோ என்றுதான் இருந்தது.

அது தொண்ணூற்று ஐந்தாம் வருஷம். என் வீட்டுக்காரர் யாகூப், கோயமுத்தூர் பெரியகடை வீதியில் கதவுத் திரையும் சென்னிமலைப் போர்வையும் விற்கிறவர். ஊரில் இருக்கிற கதவுக்கெல்லாம் திரை கிழித்துக் கொடுத்த மனுஷன், தனக்கென்று கட்டுகிற வீட்டில் கதவே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். முந்தின வருஷம் பினாங்கில் இருக்கிற மச்சான் சஹீர் இவரைக் கடற்கரை ஓட்டல் ஒன்றுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். அங்கே அறைகளுக்குச் சுவர் கிடையாதாம். கூரையைப் பிளந்துகொண்டு மரம் மேலே போகுமாம். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே குளிக்கலாமாம். ஒரு பை நிறைய போட்டோக்களோடு வந்திறங்கியவர், அதன் பிறகு வேறு பேச்சே பேசவில்லை.

அவருக்கு வாய்த்த இஞ்சினியர் ஸ்ரீனிவாஸும் லேசுப்பட்டவன் இல்லை. பீளமேட்டு நாயுடு வீட்டுப் பையன், படிப்பு முடித்த சூட்டோடு இருந்தான். எல்லோரும் அவனிடம் கார் ஷெட்டும் மொசைக் தரையும் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நிலத்தில் இருக்கும் மூன்று தென்னையையும் வெட்டாமல் ஹாலுக்குள் விட முடியுமா என்று கேட்டு ஒருவர் வந்து நின்றால் விடுவானா? 'டிராபிக்கல்' என்ற வார்த்தையை இவருக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். இரண்டு பேரும் உட்கார்ந்தால் சோறு தண்ணி ஞாபகம் வராது. கூரைக்கு ஓலைக் கீற்று, கயிற்றில் தொங்கும் கட்டில், சுவருக்குப் பதில் செவ்வாழை வரிசை. மழை பெய்தால் தென்னை மரத்து மேலேயே வழிந்து குளத்துக்கு வந்துவிடுமாம்.

"தேங்கா தலைல வுளுந்தா யாருங்க பொறுப்பு?" என்று நான் கேட்டால், "வலை கட்டிருவோம் கண்ணு" என்பார். "கொசு?" என்றால், "கொளத்துல மீன் உடுவோம், அது தின்னுபோடும்" என்பார். எதற்கும் பதில் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்த வீடு பிடித்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல அந்தப் பாலத்தில் நான் காப்பித் தட்டோடு நடந்து போவது கண்ணுக்குள் தெரியும். ஒன்றே ஒன்றைத் தவிர.

கோட்டைமேட்டில் எங்கள் கூட்டுக் குடும்ப வீட்டில் மொட்டை மாடிக்குப் படி எங்கள் அறைக்குள்தான் இருந்தது. ஈரத் துணியோடு ஒருத்தி போவாள், வற்றல் தட்டோடு ஒருத்தி வருவாள், பட்டம் விடப் பிள்ளைகள் ஓடும். கதவில் தாழ்ப்பாள் இருந்தது, போடத்தான் முடியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினாறு வருஷமாக நான் பீரோக் கதவைத் திறந்து வைத்து அதன் மறைவில்தான் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். நிலம் வாங்கியதும் எனக்கு நகை நட்டு எதுவும் தோன்றவில்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை கிடைத்துவிடும் என்றுதான் தோன்றியது.

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடையில் பகல் முழுக்கப் பேரம் பேசிப் பேசி வாய் உலர்ந்து வருகிற மனுஷன், வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குத் தலை தானாக ஆடிவிடும்.

"அக்கா ரூமு எதுங்க மச்சான்?" என்று சித்திகா கேட்டாள்.

இதற்காகவே காத்திருந்தவர் போல அவர் குளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார். நான்கு மூலைக்கு நான்கு புள்ளி, நடுவில் ஒன்றுமில்லை. "இதுதான்! நாலு தூணு, மேல கீத்து, அவ்வளவுதான். நாலு பக்கமும் தொறந்து கெடக்கும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் பச்ச. ஊட்டுலயே ஒசத்தியான எடத்த உங்கக்காளுக்குத்தான் குடுத்திருக்கேன்."

சித்திகா என் காதோரம் வந்து, "அப்ப ஊட்டுக்குள்ளயும் துப்பட்டியப் போட்டுக்கிட்டேதான் இருக்கோணுமாக்கா?" என்றாள். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். வெளியே போனால் தலையோடு போர்த்திக்கொள்ளத் துப்பட்டி, வீட்டுக்கு வந்தால் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு முடியை அவிழ்த்துவிடுவேன். அதற்குப் பேர்தானே வீடு. இந்த வீட்டில் இவர் காற்றாட இருப்பார், நான் சுவரை உடம்பில் சுற்றிக்கொண்டு திரிய வேண்டியதுதான். அத்தனை மாதம் தலையாட்டிய என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

காலையிலேயே பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து துஆ ஓதி முடித்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அஸ்திவாரம் தோண்ட வேண்டியதுதான். தென்னை நிழலில் எல்லோரும் நெய்ச்சோற்றுக்கும் தாளிச்சாவுக்கும் உட்கார்ந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து போய் அந்த நான்கு புள்ளிகளுக்கு நடுவில் நின்றேன். சுண்ணாம்பு டப்பா பக்கத்திலேயே கிடந்தது. எடுத்தேன். குனிந்து ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தூவ ஆரம்பித்தேன்.

"கோடு கோணலாப் போவுதுங்க அம்மணி" என்று பின்னால் குரல் கேட்டது. சித்தாள் ராசாத்தாள். கையில் நூல்கயிறோடு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நான் கவுறு புடிக்கறனுங்க, நீங்க அது மேலயே போடுங்க" என்றாள். மூன்று பக்கம் முழுதாகப் போட்டோம். நான்காவது பக்கத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவு இடைவெளி விட்டேன்.

கை கழுவிவிட்டு வந்த ஸ்ரீனிவாஸ்தான் முதலில் பார்த்தான். "யாருங்க இதப் போட்டது? இது பிளான்லயே இல்லீங்களே?" ராசாத்தாள் தென்னை மரத்தில் காய் எண்ணத் தொடங்கினாள்.

"நாந்தான் தம்பி."

என் வீட்டுக்காரர் வந்தார். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன குல்சு, வெளையாட்டா?"

"வெளையாட்டு இல்லீங்க. எனக்கு நாலு செவுரு வேணும். கதவு வேணும். உள்ளருந்து தாப்பாப் போடோணும்."

"இத்தன நாளாத் தலையாட்டிப்போட்டு, தோண்டப் போற நேரத்துல..."

"உங்க மூஞ்சியப் பார்த்தாச் சொல்ல வரலீங்க. இப்பச் சொல்லிப்போட்டேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்க முடியாமல்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். பார்த்தும் ஆயிற்று. "கோழிக் கூண்டு மாதர இருக்கும். அங்கயும் அடஞ்சு கெடந்த, இங்க வந்தும் அடைக்கறதுக்கா நான் இவ்வளவு..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வடசித்தூர் போகும் டவுன் பஸ் வந்து எங்கள் நிலத்து ஓரமாக நின்றது. ஒரு கிழவர் மூட்டையோடு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். சன்னலில் இருந்த அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. கோடு போட்ட வேகத்தில் துப்பட்டி நழுவித் தோளில் கிடந்ததை அதுவரை நான் கவனிக்கவில்லை. என் கை தானாகப் போய் அதை இழுத்துத் தலையில் போட்டது, முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றேன். பஸ் விசில் கொடுத்துப் போகும்வரை அப்படியே நின்றேன்.

திரும்பியபோது அவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பாய், எந்தக் கோட்டுல தோண்டறதுங்க? ஆளுக நிக்கறாங்க" என்றார் மேஸ்திரி.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்த பினாங்கு போட்டோவை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்துக்கொண்டார். "அவிய போட்ட கோட்டுலயே தோண்டுங்க" என்றார். பிறகு ஸ்ரீனிவாஸ் பக்கம் திரும்பி, "தம்பி, கொளம் இருக்கட்டும், மரம் இருக்கட்டும். இந்த ரூமுக்கு மட்டும் செவுரு. காத்து வர்றதுக்கு என்ன பண்ணலாம்னு பாரு."

"ஒசரத்துல ஓட்ட வெச்ச செவுரு கட்டிரலாங்க. காத்து வரும், ஆள் தெரியாது" என்றான் ஸ்ரீனிவாஸ். அதற்குள் அவன் பென்சில் ஓட ஆரம்பித்துவிட்டது.

அழுகை வரும் என்று பார்த்தால் பசிதான் வந்தது, அப்படி ஒரு பசி. சித்திகா தட்டில் நெய்ச்சோறு போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நேராக அந்த இடைவெளி வழியாக உள்ளே போய் மண்ணிலேயே உட்கார்ந்தேன். குளத்துப் பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

பாதித் தட்டு முடிந்திருக்கும். நிமிர்ந்தால் அவர் நிற்கிறார். ஒரு காலைத் தூக்கி வைத்தால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் கோடு. அவர் தாண்டவில்லை. சுற்றிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நான் விட்ட இடைவெளிக்கு வெளியே நின்றார். வெயிலில் மண் சுட்டிருக்க வேண்டும், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"குல்சு, உள்ள வரலாங்களா?"

என் வாயில் சோறு இருந்தது. அவசரம் என்ன என்று நன்றாக மென்று முழுங்கினேன். அடுத்த கவளத்தைப் பிசைந்தேன். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.